1911 பிஸ்டலுக்குப் புது பேரல்: ஸ்லைடு முழுதாக மூடவில்லை, எங்கே பிடிக்கிறது?

ஈரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வடக்கு ஒஹையோவில் இருக்கிறேன். மூன்று வருடமாக இங்குள்ள கிளப்பில் புல்ஸ்ஐ போட்டி சுடுகிறேன். நின்றபடி ஒரே கையால் சுட வேண்டும். 50 கஜத்தில் பத்து நிமிடத்துக்குள் பத்துத் தோட்டா. பிறகு 25 கஜத்தில் ஐந்து தோட்டாவை 20 விநாடியில், அப்புறம் ஐந்தை 10 விநாடியில். என்னிடம் இருப்பது பழைய 1911 பிஸ்டல், .45 ஏசிபி தோட்டா போடுவது.

மணல் மூட்டை மேல் கையை வைத்துச் சுட்டாலும் 50 கஜத்தில் குரூப் (துளைகள் சிதறும் அகலம்) ஆறு அங்குலத்துக்குக் கீழே இறங்கவில்லை. பத்தாம் வளையத்தின் அகலமே 3.36 அங்குலம்தான். ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) மூடியிருக்கும்போது பேரலின் (குழலின்) பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் கீழே போய்த் திரும்பி வருகிறது. அவ்வளவு ஆட்டம்.

அதனால் இரும்பு கூடுதலாக விட்டு வரும் பேரல் ஒன்று வாங்கினேன். ஹூட்டையும் (பேரலின் பின்முனையில் நீளும் நாக்கு) கீழ் லக்கையும் (பேரலுக்கு அடியில் இருக்கும் முட்டு) நாமே அரம் போட்டுப் பொருத்த வேண்டிய வகை. பேரலின் முன்முனையைப் பிடிக்கும் வளையமான புஷிங்கும் புதிது. மூன்று வாரம் இரவுகளில் உட்கார்ந்து ஹூட்டை முடித்துவிட்டேன். ஃபிரேம் (பிடியோடு சேர்ந்த கீழ் உடம்பு) இல்லாமல், ஸ்லைடுக்குள் மட்டும் பேரலை வைத்து மேலே தள்ளினால் அழகாகப் போய் உட்காருகிறது. ஃபிரேமில் ஏற்றி ஸ்லைடு ஸ்டாப் பின்னை (குறுக்கே போகும் கம்பி) போட்டால்தான் சிக்கல். ஸ்லைடு கடைசி எட்டில் ஒரு அங்குலத்தில் நின்றுவிடுகிறது. கையால் தட்டினாலும் போகவில்லை.

கீழ் லக்கை இன்னும் தொடவில்லை. தொட்டால் திரும்ப ஒட்ட முடியாது என்று தெரியும், அதனால்தான் முதலில் கேட்கிறேன்.

டாலஸ்_தமிழன்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற எல்லோரும் உங்கள் நிலையில் இல்லை. அமெரிக்க மத்திய சட்டப்படி ஃபிரேம்தான் துப்பாக்கி. பேரல் ஒரு உதிரி பாகம். ஆனால் எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நண்பர் வீட்டுத் துப்பாக்கியை ரேஞ்சில் கையில் வாங்கும்போதுகூட இது பொருந்தும். மாநிலச் சட்டம் தனி. இதைச் சரிபார்க்காமல் யாரும் அரத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, அரம் போடாமல் அப்படியே மாற்றும் பேரல் ஒன்றைப் போட்டுப் பார்த்தீர்களா? பலருக்கு அது போதும்.

ஈரிக்கரை

கிரீன் கார்டு இருக்கிறது. நினைவூட்டியதற்கு நன்றி.

அப்படியே மாற்றும் பேரலைத்தான் முதலில் போட்டேன். நன்றாக ஓடியது, ஒருமுறைகூட சிக்கவில்லை. ஆனால் குரூப் மாறவே இல்லை. அதே ஆறு அங்குலம்.

முன்னாள்_ஆர்மரர்

தம்பி, அது மாறாததற்குக் காரணம் பேரலின் தரம் இல்லை. அப்படியே போட முடிகிற பேரல் என்றால் எந்த ஸ்லைடிலும் நுழைகிற அளவுக்குச் சிறிதாகச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் பழைய பேரலுக்கும் அதே கதைதான்.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் இந்தப் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தபோது ஆறாயிரம் தோட்டா தொடர்ந்து சுட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது அப்படி. இரண்டாம் உலகப் போரில் டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் செய்த கம்பெனியும் இதைச் செய்தன. நம் வீட்டில் தையல் மெஷினாக இருந்த சிங்கர்கூட 500 பிஸ்டல் செய்து கொடுத்தது. ஒருவர் செய்த பேரல் இன்னொருவர் செய்த ஸ்லைடில் அரம் இல்லாமல் போக வேண்டும், சேற்றிலும் ஓட வேண்டும். அதற்காக விட்ட இடைவெளிதான் உங்கள் கட்டைவிரலில் தெரியும் ஆட்டம்.

நான் இந்திய ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன். நம் ராணுவத்தின் 9 மிமீ 1ஏ பிஸ்டல், இசாப்பூரில் செய்வது, பிரௌனிங் ஹை-பவரின் வழிவந்தது. அதில் லிங்க் கிடையாது. பேரலுக்குக் கீழே வெட்டிய சாய்வான பள்ளமே பேரலை இறக்கிவிடும். பிரௌனிங் இறந்த பிறகு பெல்ஜியத்தில் சாயிவ் என்ற வடிவமைப்பாளர் 1935இல் முடித்துக் கொடுத்த வடிவம் அது. 1911இல் அந்த வேலையைச் செய்வது பேரலையும் ஸ்லைடு ஸ்டாப் பின்னையும் இணைக்கும், எட்டு வடிவத்தில் இருக்கும் ஒரு குட்டி லிங்க். நீங்கள் எந்த லிங்க் போட்டிருக்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஈரிக்கரை

பேரலோடு ஒரு லிங்க் வந்தது, 0.278 அங்குலம். தனியாக ஒரு செட்டும் வாங்கினேன், வேறு வேறு நீளத்தில். அதில் நீளமானதைப் போட்டிருக்கிறேன். நீளமான லிங்க் பேரலை மேலே தூக்கிப் பிடிக்கும், ஆட்டம் போகும் என்று ரேஞ்சில் ஒருவர் சொன்னார்.

முன்னாள்_ஆர்மரர்

கழற்றுங்கள். இன்றைக்கே.

புல்ஸ்ஐ45

ஆர்மரர் ஐயா சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். லிங்கின் வேலை பேரலைக் கீழே இழுப்பது. தூக்கி நிறுத்துவது அதன் வேலை இல்லை. நிறுத்த வேண்டியது கீழ் லக்கின் இரண்டு பாதங்கள். ஸ்லைடு முன்னே வரும்போது அந்தப் பாதங்கள் ஸ்லைடு ஸ்டாப் பின் மேல் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு லிங்க் லேசாக, சும்மா இருக்க வேண்டும்.

நீளமான லிங்க் போட்டால் கட்டைவிரல் சோதனையில் ஆட்டம் போய்விடும், உண்மைதான். ஆனால் பேரல் ஒரு கம்பத்தின் உச்சியில் நிற்கிற மாதிரி அந்தச் சின்ன லிங்க் மேல் நிற்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. அதைவிட மோசம், தோட்டா வெடித்து ஸ்லைடு பின்னே போகும்போது பேரல் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது. பேரலின் மேல் லக்குகள் (ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் மேடுகள்) ஸ்லைடின் பள்ளத்தை விட்டு முழுதாக வெளியே வருவதற்குள் ஸ்லைடு இழுக்கும். லக்கின் முனை உருண்டு போகும், லிங்க் அறுந்து போகும், கீழ் லக்கே பிளந்த பேரலையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சுடவில்லை என்பது நல்ல விஷயம்.

கோவை_ஃபிட்டர்

துப்பாக்கி எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் முப்பது வருடம் டூல்ரூமில் அரம் போட்டவன், அந்த வகையில் சொல்கிறேன். தப்பாக இருந்தால் ஆர்மரர் ஐயா திருத்தட்டும்.

ஒரு வேலை நான்கு இடத்தில் தொடுகிறது, எங்கே பிடிக்கிறது என்று தெரியவில்லை. அப்போது நாங்கள் தொடுகிற இடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். உங்கள் விஷயத்தில் லிங்க்கை அதன் சொந்தப் பின்னோடு எடுத்துவிட்டு, லிங்க் இல்லாமலே கோத்துப் பாருங்கள். ஸ்லைடு மூடினால் குற்றம் லிங்க்மேல். அப்போதும் மூடவில்லை என்றால் லக் பாதத்தில் இரும்பு அதிகம். புஷிங்கையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், முன்பக்கம் பிடித்துக்கொண்டு பின்பக்கம் தெரிகிற கோளாறு நிறைய உண்டு.

அப்புறம் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மசி) போடுங்கள். கண்ணால் பார்த்து அரம் போட்டவன் வேலை எங்கள் பட்டறையில் சூப்பர்வைசர் மேசைக்கே போகாது. விரல்நுனியில் கொஞ்சமாக எடுத்து, தேய்த்து, தேய்த்தது தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். கனமாகப் பூசினால் தொடாத இடத்திலும் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும்.

ஐ.டி.ஐ.யில் முதல் மாதம் முழுக்க ஒரு இரும்புத் துண்டை மட்டமாக்க விடுவார்கள். கை ஊஞ்சல் ஆடாமல் போக வேண்டும். அது வராதவர்கள் அரம் போட்டால் நடு மேடாகவும் இரண்டு ஓரம் பள்ளமாகவும் வரும். உங்கள் ஹூட் பின்பக்கத்தை ஒரு நேர்க்கோல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

ஈரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு செய்து பார்த்தேன்.

புஷிங் இல்லாமல்: அதே இடத்தில் நிற்கிறது. ஆக புஷிங் காரணம் இல்லை.
லிங்க் இல்லாமல்: கிட்டத்தட்ட மூடுகிறது. ஒரு மில்லிமீட்டர் மிச்சம்.
0.278 லிங்க் போட்டு: அதே ஒரு மில்லிமீட்டர்.

புளூவில் பார்த்தால் இடது பாதம் மட்டும் பளிச்சென்று தொட்டிருக்கிறது. வலது பாதத்தில் புளூ அப்படியே இருக்கிறது. ஹூட்டை நேர்க்கோல் வைத்துப் பார்த்தேன். ஃபிட்டர் அண்ணா சொன்னது சரிதான், நடு லேசாக மேடு.

கோவை_ஃபிட்டர்

மேடு எவ்வளவு? ஃபீலர் கேஜில் மிக மெல்லிய இலை ஓரத்தில் நுழைகிறதா?

ஈரிக்கரை

ஒன்றரை தவ் இலை ஓரத்தில் நுழையவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

(படிப்பவர்களுக்கு: அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தவ் என்போம்.)

கோவை_ஃபிட்டர்

அப்படியானால் பயமில்லை, கல்லில் நாலு தேய்ப்பில் போய்விடும். அரம் வேண்டாம், எண்ணெய்க் கல். கல்லை அசைக்காமல் வேலையை அசையுங்கள்.

புல்ஸ்ஐ45

ஹூட் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் தவறுவது இதில்தான்.

ஹூட்டுக்குப் பக்கவாட்டிலும் இடம் வேண்டும், பின்னாலும் வேண்டும். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும், ஒரே பக்கத்தில் எடுத்தால் பேரல் ஸ்லைடில் கோணலாக நிற்கும். பின்பக்க நீளம் குறைந்துவிட்டால் பேரல் முன்னும் பின்னும் ஆடும், அதை அரத்தால் சரி செய்ய முடியாது. ஆனால் நீளம் மிச்சமிருந்தால் மேல் லக்குகளுக்கு முன்பு ஹூட்டே ஸ்லைடில் முட்டி நின்றுவிடும், பேரல் மேலே ஏறாது. உங்களுக்கு ஸ்லைடுக்குள் நன்றாக ஏறுகிறது என்றால் இந்த இடம் சரிதான். கல்லை வைத்துத் தேய்க்கும்போது ஒரு தவ் தாண்டாதீர்கள்.

ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உட்காரும் ஆழம்) அளக்கும் கேஜ் வைத்திருக்கிறீர்களா? .45 ஏசிபி தோட்டா கூட்டின் வாயில்தான் நிற்கிறது, ரிம்மில் அல்ல. அமெரிக்கத் தரத்தில் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) ஆழம் 0.898 முதல் 0.920 அங்குலம் வரை. ஹூட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் எக்ஸ்ட்ராக்டரை (கூட்டை இழுக்கும் கொக்கி) கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். கையிலிருக்கும் தோட்டாவைப் போட்டு அளப்பது வேண்டவே வேண்டாம். வீட்டில் வேலை செய்யும்போது உண்மையான தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

சேலம்_ராஜபாட்டை

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் தாத்தா பெயரில் இருந்த .32 ரிவால்வர் உரிமத்தோடு அப்பாவுக்கு மாறி வந்திருக்கிறது. பேரலில் துரு. இந்த மாதிரி நாமே பேரல் மாற்ற முடியுமா?

முன்னாள்_ஆர்மரர்

முடியாது தம்பி. கேட்டது நல்லது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் துப்பாக்கியைச் செய்வது, விற்பது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. உதிரி பாகமும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வரும். உங்கள் அப்பாவிடம் இருப்பது வைத்திருக்கும் உரிமம். அதில் அரம் போடும் உரிமை இல்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலும் ரிவால்வர் பேரல் மரை போட்டு முறுக்கி ஏற்றியது. அதற்கும் சிலிண்டருக்கும் இடையிலான சந்து, சிலிண்டர் துளையோடு நேர் நிற்பது என்று அது வேறு உலகம். துரு மட்டும் என்றால் சுத்தம் செய்து, எண்ணெய் துணி ஓட்டி, தட்டில் வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் பாதுகாப்பாக வையுங்கள். தோல் உறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள், தோல் ஈரம் இழுக்கும்.

டாலஸ்_தமிழன்

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லட்டுமா. இவ்வளவு அபாயம் இருக்கும் வேலையை ஏன் ஒரு அமெச்சூர் செய்ய வேண்டும்? ஒரு நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) இதை வாழ்க்கை முழுக்கச் செய்கிறார். அவரிடம் கொடுத்தால் போயிற்று. கார் பிரேக்கை யூடியூப் பார்த்து மாற்றுகிறோமா?

ஈரிக்கரை

கேள்வி நியாயமானது. பதில் இதுதான்: நான் மெக்கானிக்கல் படித்தவன், பதினைந்து வருடமாகத் திரையில் வரைகிறேன். ஒரு அங்குலத்தில் இரண்டு தவ் என்றால் என்ன என்று எண்ணாகத் தெரியும், விரலில் தெரியாது. இந்தப் பேரலில் மூன்று வாரத்தில் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் செய்கிறேன். ஆனால் எல்லையும் வைத்திருக்கிறேன். ட்ரிகரோடு சேர்ந்து இயங்கும் சியர், ஹேமர் பக்கம் போக மாட்டேன். ஃபிரேமின் தோட்டா ஏறும் சரிவைத் தொட மாட்டேன். முடித்த பிறகு சுடும் முன்னால் கிளப்பில் இருக்கும் கன்ஸ்மித்திடம் காட்டி அவர் சரி என்ற பிறகே முதல் தோட்டா.

முன்னாள்_ஆர்மரர்

அந்தச் சரிவை விட்டுவிடுவது மிகச் சரியான முடிவு. பேரல் வாயிலும் ஃபிரேம் சரிவிலும் ஆர்வக்கோளாறில் வெட்டிக்கொண்டே போனால் தோட்டாக் கூட்டின் அடிப்பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் போகும். சுட்ட கூடு வயிறு ஊதி வெளியே வரும். .45இன் அழுத்தம் குறைவுதான், அதிகபட்சம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, ஆனாலும் மெல்லிய பித்தளையைக் கிழித்து மேகசினையும் விரலையும் பதம் பார்க்க அது போதும்.

டாலஸ் நண்பர் சொல்வதும் தவறில்லை. பழுதானால் பேரல்தான் போகும், துப்பாக்கி போகாது என்ற அளவில் இந்த வேலை ஆரம்பக்காரர் கற்க ஏற்றது. சியர் வேலையை வீட்டில் செய்கிறேன் என்று யாராவது இங்கே எழுதினால் நானே இழையைப் பூட்டச் சொல்வேன்.

கோவை_ஃபிட்டர்

தம்பி, இப்போது அந்த இடது பாதம். ஒரு பக்க ஓரம் வெட்டு இல்லாமல் வழுவழுவென்று இருக்கும் அரம் எடுங்கள், சேஃப் எட்ஜ். வழுவழு ஓரம் லக்கின் உடம்புப் பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் மூலையில் கோடு விழும், விரிசல் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும். மூன்று தேய்ப்பு, துடை, புளூ, கோர், பார். திரும்ப மூன்று தேய்ப்பு. ஒரே இரவில் முடிக்க நினைக்காதீர்கள். களைத்த கை எப்போதும் கூடுதலாக எடுத்துவிடும்.

முதலில் இடது பாதம் வலது பாதத்துக்குச் சமமாக வரட்டும். இரண்டும் சேர்ந்து தொட ஆரம்பித்த பிறகே இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும்.

புல்ஸ்ஐ45

அதோடு ஒன்று. பாதங்கள் பின் மேல் ஏறும் வளைவைக் கெடுக்காதீர்கள். அதற்கென்றே லக் கட்டர் என்ற கருவி இருக்கிறது, பின்னின் விட்டத்துக்கு ஏற்ப வளைவு தரும். கிளப்பில் யாரிடமாவது இருந்தால் கடைசி இரண்டு மூன்று தவ்வை அதில் எடுங்கள்.

ஈரிக்கரை

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

இடது பாதம் சமமாக வர நான்கு இரவு. எவ்வளவு எடுத்தேன் என்று கணக்குப் போட்டால் மொத்தம் நான்கு தவ்வுக்குள்தான் இருக்கும். கடைசியில் கிளப்பிலிருந்து லக் கட்டர் இரவல் வாங்கினேன். இப்போது இரண்டு பாதத்திலும் ஒரே அகலத்தில் பளபளப்பு. ஸ்லைடு தன் ஸ்பிரிங் பலத்திலேயே மூடுகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் பேரல் அசையவில்லை. லிங்க் மட்டும் லேசாக ஆடுகிறது, நீங்கள் சொன்ன மாதிரியே.

இறங்குவதையும் பார்த்தேன். ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னே இழுத்தால் பேரல் முழுதாக இறங்கி, கீழ் லக்கின் பின்புறம் ஃபிரேமின் செங்குத்துச் சுவரில் நிற்கிறது. லிங்க்கில் தொங்கி நிற்கவில்லை. மேல் லக்குக்கும் ஸ்லைடுக்கும் நடுவே கம்பி கேஜ் தடையில்லாமல் நுழைகிறது. பேரல் வாய்க்கும் ஃபிரேம் சரிவுக்கும் இடையே முப்பத்திரண்டில் ஒரு அங்குலம் இடைவெளி.

கன்ஸ்மித் ஹெட்ஸ்பேஸ் அளந்தார். சரியாக இருக்கிறது. அவர் ஒரே ஒரு குறை சொன்னார்: ஹூட்டின் மேல் ஓரத்தில் பிசிறு விட்டிருக்கிறாய். அங்கேயே கல்லில் எடுத்துக் கொடுத்தார்.

முன்னாள்_ஆர்மரர்

நல்லது. முதலில் மேகசினில் ஒரே தோட்டா. பிறகு இரண்டு. எடுத்த எடுப்பில் நிரப்ப வேண்டாம். ஒவ்வொரு கூட்டையும் பொறுக்கி வாய், வயிறு, பிரைமர் மூன்றையும் பாருங்கள். ஐம்பது தோட்டா ஆனதும் கழற்றி மேல் லக்குகளின் முனையைப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் நிம்மதி. உருண்டிருந்தால் நிறுத்துங்கள்.

ஈரிக்கரை

அப்படியே செய்தேன். முதல் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. கூடுகள் சுத்தம். 50ஆவது தோட்டாவுக்குப் பிறகு லக் முனைகள் கூர்மையாகவே இருந்தன. பாதங்களில் பளபளப்பு கொஞ்சம் அகலமாகியிருக்கிறது, இரண்டிலும் சமமாக.

அப்புறம் மணல் மூட்டை, 50 கஜம், 185 கிரெய்ன் போட்டித் தோட்டா, பத்து. மூன்று அங்குலத்துக்குச் சற்றே கீழ். ஒன்று மட்டும் தனியாக இடதுபக்கம், அது என் கை என்று நினைக்கிறேன். திரும்ப பத்து. அதே அளவு.

டாலஸ்_தமிழன்

பாதிக்கும் கீழே வந்துவிட்டதே! ஒரு சந்தேகம். ஃபிரேமுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை நீங்கள் தொடவே இல்லை. அது இருந்தும் எப்படி?

புல்ஸ்ஐ45

குறி பார்க்கும் சைட் இரண்டும் ஸ்லைடில் இருக்கின்றன. பேரல் ஒவ்வொரு தடவையும் ஸ்லைடில் அதே இடத்துக்கு வந்தால், கண் பார்ப்பதும் குழல் பார்ப்பதும் ஒன்றாகவே இருக்கும். கீழே ஃபிரேம் கொஞ்சம் ஆடினாலும் சைட்டும் பேரலும் சேர்ந்தே ஆடும். அதை இறுக்கினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் கிடைப்பதில் பெரும்பங்கு பேரலின் பின்பக்கத்திலும் புஷிங்கிலும்தான்.

புஷிங் என்றதும் ஞாபகம். பழைய பிஸ்டல் என்கிறீர்கள், உங்கள் முதல் புஷிங் விரல் விரலாகப் பிளந்த வகையா? கோல்ட் 1970இல் கொண்டுவந்தது. இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் அந்த விரல் சில சமயம் உடைந்து ஸ்லைடைக் கட்டிவிடும்.

ஈரிக்கரை

இல்லை, முழு வளையம்தான். புதிதும் அதே வகை.

கோவை_ஃபிட்டர்

தம்பி, ஐந்நூறு தோட்டா ஆனதும் அந்த இரண்டு பாதத்தையும் திரும்பப் படமெடுத்துப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அகலமாகிக்கொண்டே போனால் பின் லேசாக வளைந்திருக்கலாம். பின்னைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள்.

ஈரிக்கரை

உருட்டிவிட்டேன் அண்ணா, நேராக இருக்கிறது. ஜூலையில் கேம்ப் பெர்ரி போகிறேன், வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். 1907இலிருந்து தேசியப் போட்டி நடக்கிற மைதானம். அதற்குள் ஐந்நூறு ஆகிவிடும். போகும் முன் படம் போடுகிறேன்.